கைக்குள் கத்திய பேய்

1988 குளிர்காலத்தில் பாரிஸின் லா சப்பலில் மீனைவிட மலிவாகக் கிடைத்தது அற்புதம்தான். ஞாயிறு பின்னேரம் மெற்றோவால் இறங்கினால், பலசரக்குக் கடைக்குப் பின்னால் இருந்த மண்டபத்துக்குச் சனம் இடித்துப் பிடித்துக்கொண்டு போகும். புறநகர் ஆர்ஜொந்தெயிலிருந்தும் வந்தார்கள், வில்லியே லே பெல்லிலிருந்தும் வந்தார்கள். ஸ்ரீஸ்கந்தராசா சுவாமி செவிடர்களுக்குக் காது கொடுக்கிறாராம்!

சைவர்கள் வந்தால் திருநீறு, சேர்ச்சுக்குப் போகும் வேதக்காரர் வந்தால் தீர்த்தம். ஒருவரையும் வெறுங்கையோடு அனுப்பமாட்டார், வெறுங்காதோடு அனுப்புவார். காது மெசினைக் கழற்றி உள்ளங்கைக்குள் பொத்துவார். "கீ...ச்" என்று ஒரு சத்தம் வரும். செவிட்டுப் பேய் அலறுகிறதாம்! பாதிச் சனம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும், மீதி சிலுவை போட்டுக்கொள்ளும். பேயைச் செய்ன் ஆற்றில் எறிவதாகச் சொல்லி, மெசினைத் தன் பைக்குள் போடுவார். போன கிழமை மெசினைக் கொடுத்த சாரதாதேவி அக்காவை முன்னுக்குக் கூப்பிட்டு, முகத்துக்கு நேரே "கேக்குதோ?" என்றார். அக்கா அவர் உதட்டைப் பார்த்து "ஓம் சுவாமி" என்றார். இதற்குப் பெயர் அற்புதம்.

அன்று வரிசையில் அடுத்து நின்றவள் இம்மாகுலேற். பத்து மாதம் தொசியே என்ற விண்ணப்பக் கட்டுகளை நிரப்பி, கந்தோர் கந்தோராக ஏறியிறங்கி வாங்கிய மெசின் அவளுடையது. அது இல்லையென்றால் மூன்று மாதக் குழந்தை பக்கத்தறையில் வீறிட்டாலும் அவளுக்குத் தெரியாது. புருசன் இராயப்புவுக்கோ மெசின் போட்ட மனைவியோடு வெளியில் போக வெட்கம். வெட்கப்பட வேறு விஷயமா இல்லை!

"இம்மா, கழட்டிக் குடும்," என்றான்.

சுவாமி தானே கழற்றிப் பொத்தினார். பேய் அலறியது. அவளுக்கு அது கேட்கவில்லை. ஆனால் எல்லோரும் காதைப் பொத்துவதைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிற்பாட்டாமல் கைக்குள் பொத்தினால் கீச்சிடும் என்று மெசின் கொடுத்த பிரெஞ்சுக்காரி முதல் நாளே சொல்லியிருந்தாள்.

மெசினை வெடுக்கென்று பறித்தாள். சின்ன மூடியைத் திறந்து பற்றறியை எடுத்துவிட்டு, சுவாமியின் கையில் திரும்ப வைத்தாள்.

"இப்ப கத்தச் சொல்லுங்கோ."

சுவாமி பொத்தினார். நெரித்தார். மந்திரம் சொன்னார். பேய் மூச்சுக் காட்டவில்லை.

"பயந்து ஓடிட்டுது, பிள்ளை!"

அவர் உதட்டைப் படித்த இம்மாகுலேற், பற்றறியைப் போட்டு மெசினை இராயப்புவின் கைக்குள் வைத்துப் பொத்தினாள். கீ...ச்! அவன் துள்ளிப்போனான்.

"இஞ்சேருங்கோ, உங்களுக்கும் பேயோட்டத் தெரியுது! என்ர காதில பேய் பூரேல்லை. காது ஊரில ஷெல்லடியில போனது. ஷெல்லடிச்சவனை விட்டிட்டு மெசினோட என்ன கோவம்?"

சாரதாதேவி அக்கா சுவாமியின் பையைப் பிடுங்கிக் கவிழ்த்தார். ஒன்பது மெசின்கள். ஒன்றுகூடச் செய்னில் நனைந்திருக்கவில்லை. துடைத்து, புதுப் பெட்டியில் வைத்து, விலையும் ஒட்டியிருந்தது. சனம் நிமிர்ந்து பார்ப்பதற்குள் சுவாமி பின்கதவால் மறைந்துவிட்டார். அவர் செய்த ஒரே உண்மையான அற்புதம் அதுதான்.

இராயப்பு தலையைக் குனிந்தபடி மெசினை மனைவியின் காதில் மாட்டிவிட்டான். பின்னால் தள்ளுவண்டியில் குழந்தை சிணுங்கியது. முதலில் திரும்பியவள் அவள்தான்.

கேளாத காதுக்கு மெசின் வந்துவிட்டது, ஐயாமாரே, அம்மாமாரே. யோசிக்காத மூளைக்கு இன்னும் ஒருவரும் மெசின் செய்யவில்லை. மூளையை நீங்களேதான் ஓட்டிப் பார்க்கவேண்டும்.