ஒருக்களிச்சானும் மூன்று மாத அட்டைக்கடியும்

கொட்டகலை மலையிலிருந்து கொழும்பு வரை எத்தனை வளைவு உண்டோ, அத்தனையையும் ஒரே பக்கமாக உட்கார்ந்து கடந்த டிரைவர் உலகத்திலேயே ஒருவன்தான். அவன் என் லொறியை ஓட்டினான். ஊர் வைத்த பெயர் ஒருக்களிச்சான்.

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். லொறி கிளீனராகத் தொடங்கி, இன்று கோவா, கரட் என்று மரக்கறி ஏற்றும் மூன்று லொறிக்குச் சொந்தக்காரன். சத்தத்தை வைத்தே இஞ்சினுக்கு என்ன கோளாறு என்று சொல்வேன். அப்படிப்பட்ட என்னையே இவன் மூன்று மாதம் ஏமாற்றினான். நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

முதலில் இடது பக்கம் சாய்ந்து ஓட்டினான். லொறிக்கு ஸ்பிரிங் உடைந்துவிட்டதென்று எதிரே வந்த பஸ்காரர்கள் கையைக் காட்டினார்கள். பிறகு சாப்பாட்டுக் கடையில் நின்றபடியே சோறு தின்றான். கோயில் கூட்டத்தில் எல்லோரும் உட்கார்ந்திருக்க, இவன் மட்டும் கொடிமரம் மாதிரி நின்றான்.

“என்னடா, உக்கார மாட்டேன்னு நேத்திக்கடனா?”

“அட்டை கடிச்சிருச்சுங்க மொதலாளி.”

“எங்க?”

“உக்கார்ற எடத்துலங்க.”

தேயிலைக்குள் பிறந்தவனுக்கு அட்டைக்கடி புதிதா? நம்பினேன். உப்பு வைத்தான், சுண்ணாம்பு வைத்தான், துணி துவைக்கும் சவர்க்காரத்தைக் குழைத்துப் பூசினான். ஆனால் மூன்று மாதம் ஆறாத அட்டைக்கடி எந்த மலையில் உண்டு?

அதற்குள் ஊருக்கு வாய் நீண்டுவிட்டது. கொழும்பில் கெட்ட நோய் வாங்கி வந்தானாம். துணிக்கடைக்காரர் என்னிடமே கேட்டார்.

“ஒங்க பின்னால என்ன இருக்குன்னு நான் கேட்டேனா?” என்றேன். அதோடு அவர் வாய் மூடியது.

ஒரு காலை, லொறியில் ஏறக் காலைத் தூக்கியவன் அப்படியே நின்றுவிட்டான். உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. காற்சட்டையில் சீழ். இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். இளம் பெண் டாக்டர். இவன் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

“பொம்பளப் புள்ளைங்க, மொதலாளி.”

“பல்லு வலிச்சா வாயத் தொறக்கிறல்ல? திரும்புடா.”

டாக்டர் வாலெலும்புப் பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இது அட்டைக்கடியும் இல்ல, கெட்ட நோயும் இல்லீங்க ஐயா. பைலோனிடல் சிஸ்ட். நாள்பூரா உக்காந்து ஓட்டுறவங்களுக்கு வர்றதுதான். முடி தோலுக்குள்ள குத்தி எறங்கி, கட்டியாகி சீழ் வச்சிருச்சு. மாத்திரை மட்டும் பத்தாது. கீறி, சீழையும் முடியையும் எடுத்துட்டு, தைக்காம விட்டு தெனமும் மருந்து கட்டணும். ஆறுற வரைக்கும் லொறி கூடாது. அப்புறமும் அந்த எடத்துல முடி சேர விடக்கூடாது. அடிக்கடி எறங்கி நடக்கணும்.”

அந்தப் பெயர் என் நாக்கில் ஏறவில்லை. முடிக்கட்டி என்று நானே பெயர் வைத்தேன். முதல் மாதமே காட்டியிருந்தால் இவ்வளவு பாடு உண்டா?

மறுநாள் வார்டில் குப்புறக் கிடந்தான். ஒரு கை மட்டும் இறுக மூடியிருந்தது.

“கையில என்னடா?”

லொறிச் சாவி.

“சொன்னா லொறிய வேற ஆளுக்குக் குடுத்துருவீங்கன்னுதான் சொல்லலைங்க.”

இத்தனை வருடத்தில் என்னை அவன் அறிந்தது இவ்வளவுதான். வார்டே திரும்பிப் பார்க்கத் திட்டினேன். சாவியை மட்டும் கேட்கவில்லை.

புண் ஆற ஏழு வாரம் ஆனது. நல்ல மரக்கறி சீசன். அந்த லொறி என் வாசலிலேயே நின்றது. ஓட்டித் தருகிறோம் என்று வந்தவர்களிடமெல்லாம் இஞ்சின் கோளாறு என்றேன்.

அந்த இஞ்சினில் ஒரு கோளாறும் இல்லை.