தண்ணீர்க் கதவைச் சாத்திய தேவாங்கு

ஒரு காட்டில் சிங்கமே ஆனாலும் டோக்கன் காட்டித்தான் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று ஆகியிருந்தது. இருந்த ஒரே குளத்துக்கு ஒரு வேலி, வேலிக்கு ஓர் இரும்புக் கதவு, கதவைத் திறக்க ஒரு கணினி. மான் குடித்து முடித்து வெளியேறிய பிறகுதான் புலிக்குத் திறக்கும்.

அந்தக் கணினியைப் பார்த்துக்கொண்டவர் சிங்காரம் என்ற தேவாங்கு. குளத்துப் பக்கம் அவர் வந்ததே இல்லை. தொலைவில், மலை உச்சியில் ஓர் அத்திமரத்தில் உட்கார்ந்தபடி இணையம் வழியே உள்ளே போய், பழுது வருமுன்பே சரிசெய்துவிடுவார். மரம் வேலையோடு வந்தது. மனைவியும் குட்டிகளும் அதில்தான் குடியிருந்தார்கள்.

அவர் கையாண்ட மென்பொருள் எல்லாம் கட்டற்றவை. எவரும் சும்மா எடுத்துக்கொள்ளலாம், உள்ளே எழுதியிருப்பதைப் படிக்கலாம், திருத்தலாம். வினை அங்கேதான் தொடங்கியது.

"மகராஜா, மென்பொருளே சும்மா வருது. அதைப் பாத்துக்க ஒரு ஆளு, அந்த ஆளுக்கு ஒரு மரம்" என்று சபையில் இழுத்தது மந்திரி நரி.

சிங்கம் உடனே போனைப் போட்டது. "சிங்காரம், இந்த வருஷம் என்னய்யா வேலை பாத்த?"

"கதவு நிக்காம பாத்துக்கிட்டேன், மகராஜா."

"எப்ப நின்னுச்சு?"

"நிக்கவே இல்லைங்க."

"அப்ப நீ பாக்குறதுக்கு என்ன இருக்கு?"

இந்தக் கேள்விக்கு ஒழுங்காக வேலை செய்கிறவன் எவனும் பதில் சொன்னதில்லை. பௌர்ணமிக்குள் மரத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டது சிங்கம்.

சிங்காரம் யோசித்தார். குட்டிகளைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? எதையாவது செய்து பேர் வாங்கியே ஆக வேண்டும். கணினியின் பாதுகாப்பை இறுக்கிக் காட்டலாம் என்று தோன்றியது. அவசர அவசரமாக, அதாவது ஒரு தேவாங்கால் முடிந்த அவசரத்தில், ஒரு கட்டளை எழுதினார்: வெளியிலிருந்து வரும் எவரையும் உள்ளே விடாதே. பொத்தானை அழுத்தினார். திரை அப்படியே அசையாமல் நின்றது.

தாமும் வெளியில்தான் இருக்கிறோம் என்பது அப்போதுதான் புரிந்தது.

கணினி சொன்ன சொல் தட்டாத பிறவி. சிங்காரத்தை உள்ளே விடவில்லை. டோக்கன் படிக்கும் பெட்டி அனுப்பிய செய்தியையும் விடவில்லை. கதவு சாத்தியது சாத்தியபடி கிடந்தது. கோடை வெயிலில் மானும் பன்றியும் புலியும் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஒரே வரிசையில் நின்றன. பக்கத்தில் நின்ற மானைத் திரும்பிப் பார்க்கக்கூடப் புலிக்குத் தெம்பில்லை.

"எல்லாரும் திருத்தலாம்னுதானே சொன்னாங்க. திருத்துங்க" என்றது நரி. எல்லாரும் கதவருகே இருந்த கணினியின் திரையைச் சூழ்ந்துகொண்டு பார்த்தார்கள். எவரும் படிக்கலாம் என்பது உண்மைதான். படிக்கத் தெரிந்தவர்தான் யாருமில்லை. குரங்கு மட்டும் நாலு பொத்தானைத் தட்டிப் பார்த்துவிட்டு, கரண்ட் பிரச்சினை என்று அறிவித்தது.

கடைசியில் யானை மலையேறிப் போய்ச் சிங்காரத்தை முதுகில் ஏற்றி வந்தது. வந்ததும் கணினி முன்னால் உட்கார்ந்து, தாம் எழுதிய அந்த ஒற்றை வரியை அழித்தார். கதவு திறந்தது.

எல்லாரும் குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுச் சிங்கத்தின் காலில் விழுந்தார். "மகராஜா, தப்பு என்னோடதுதான். நான்தான் மலையிலேருந்து பூட்டிட்டேன்."

"மலையிலேருந்தா?" என்றது சிங்கம் மெதுவாக.

"ஆமாங்க. ஒரே ஒரு வரிதான்."

சிங்கம் நரியைப் பார்த்தது. நரி அவசரமாகக் குரங்கிடம், "ஐயாவுக்கு ஒரு நாற்காலி கொண்டா" என்றது.

அன்று மாலையே அத்திமரம் சிங்காரத்தின் பரம்பரைச் சொத்தாக அறிவிக்கப்பட்டது. கேட்காமலே பக்கத்து மரத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

நீதி: எப்போதும் உண்மையே பேசுங்கள். ஊருக்கே தண்ணீரை நிறுத்தும் வசதி கையில் வந்த பிறகு பேசுங்கள்.