மாங்கோவுக்கு எப்போது பெரிய எலி?

உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த நாள் என் மனிசன் ஒரு சபதம் எடுத்தார். எடுத்த இடம் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜுக்கு முன்னால்.

"இஞ்சேரும் கிளடிஸ். ஏழு கிழமையில வாற பரிசுத்த ஆவி திருநாளுக்கு முதல் உந்தப் பாம்பு இந்த வீட்டை விட்டுப் போகும். போகேல்லையெண்டால் என்ர பேர் சூசைதாசன் இல்லை."

பேரை மாற்றினால் லைசென்ஸ், ஹெல்த் கார்ட் எல்லாம் மாற்ற வேண்டுமே என்றுதான் எனக்கு முதலில் கவலை வந்தது.

பாம்பு எங்கள் மகன் ஜூலியனுடையது. பெயர் மாங்கோ. மாம்பழ நிறம். ஒரு வயது. என் சுண்டுவிரலை விடக் கொஞ்சம் மொத்தம். இனம் கோர்ன் ஸ்நேக் என்றான். சோளம் சாப்பிடுமாக்கும் என்று முதல் நாள் நான் சோளம் அவித்துப் போட்டேன். அது சோளத்தின் மேல் ஏறிப் படுத்து நித்திரை கொண்டது. பிறகுதான் அதற்குச் சாப்பாடு எலி என்று தெரிந்தது. ஓடித் திரிகிற எலி இல்லை. கடையில் உறைய வைத்து விற்கிற, கண் திறக்காத எலிக்குஞ்சு. ஒரு பையில் இருபது. எங்கள் ஃப்ரீஸரில் இறாலுக்குப் பக்கத்தில், பழைய ஐஸ்கிறீம் டப்பாவுக்குள் வைத்திருந்தோம். மூடியில் "இறால் அல்ல" என்று நான் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தேன்.

அது இரண்டாயிரத்து ஒன்பது. வன்னியில் சண்டை கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. சண்டையை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்றத்துக்கு முன்னால் நிற்பதற்காக ஜூலியனும் கூட்டாளிமாரும் ஒட்டாவாவுக்குப் புறப்பட்டார்கள். "ஒரு கிழமைதான் அம்மா" என்றான்.

அந்த ஒரு கிழமைக்கும் பாம்பை வைத்திருக்க ஒரு ஒப்பந்தம் வேண்டும் என்று மனிசன் ஒற்றைக் காலில் நின்றார். தானே எழுதினார். "மாங்கோ எலிக்குஞ்சிலிருந்து எலிக்கு மாறும் நாளன்று வீட்டை விட்டு வெளியேற்றப்படும்." தகப்பன் ஒரு கையெழுத்து, மகன் ஒரு கையெழுத்து, சாட்சிக்கு நான். கடதாசி ஃபிரிட்ஜில் ஏறியது.

கையெழுத்து வைத்துவிட்டு ஜூலியன் சிரிக்காமல் சொன்னான்: "ஓகே அப்பா. ஆனா மாங்கோ போனா நானும் போவன். ஃபிரெண்ட்ஸோட ஒரு பேஸ்மென்ற் வாடகைக்குப் பாத்து வைச்சிருக்கிறன்."

மனிசன் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூத்தவள் நிரோஷினி கலியாணம் கட்டிப் போய் ஏழு வருஷம். இவனும் போனால் ரூஜ் பக்கத்தில் இருக்கிற இந்தப் பெரிய வீட்டுக்குள் நானும் மனிசனும் வெதர் சனலும்தான்.

போகும் முன்னம் ஜூலியன் சொல்லச் சொல்ல, சாப்பாட்டு விதிகளை நான் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டேன். ஒன்று: சனிக்கிழமை மட்டும், ஒரு குஞ்சு. இரண்டு: பாம்பின் மொத்தமான இடம் எவ்வளவோ, எலியும் அவ்வளவுதான் இருக்க வேண்டும். மூன்று: சாப்பிட்ட பிறகு வயிற்றில் எலியின் முண்டு புடைத்துத் தெரியாவிட்டால் அளவைக் கூட்டும் காலம் வந்துவிட்டது. நான்கு: சாப்பிடாவிட்டால் வற்புறுத்தக் கூடாது, தனிய விட வேண்டும், அடிக்கடி எட்டிப் பார்க்கக் கூடாது, பிறகு சின்னதாக ஒன்று வைத்துப் பார்க்கலாம்.

நான் என் பங்குக்கு ஊரிலிருந்து கொண்டுவந்த மடு மாதா கோயில் மண்ணை எடுத்துக் கண்ணாடிப் பெட்டியின் நாலு மூலையிலும் ஒவ்வொரு சிட்டிகை வைத்தேன். பாம்புக்கு மடு மண்ணை விடக் காவல் வேறு என்ன இருக்கிறது? மனிசன் அதில் ஒரு சிட்டிகை எடுத்துத் தன் சொக்ஸுக்குள்ளும் போட்டுக்கொண்டார்.

"மாதா காலால மிதிச்சுக்கொண்டு நிக்கிற சாமானுக்கு நீர் சாப்பாடு குடுக்கிறீர்" என்றார்.

"அந்தப் பாம்பு வேற. இது ஜூலியன்ர பாம்பு."

அது சரியான பதில்தானோ என்று எனக்கே இன்னும் விளங்கவில்லை.

ஒரு கிழமை என்று போன ஜூலியன் அங்கேயே நின்றுவிட்டான்; இங்கே சனிக்கிழமை தோறும் வழக்கு நடந்தது. மனிசன் ரெக்ஸ்டேலில் ஒரு பாக்டரியில் முப்பது வருஷமாக இரும்புத் துண்டுகள் அளக்கிறவர். அங்கே மொத்தம் அளக்கப் பாவிக்கிற கலிப்பர் ஒன்று வீட்டிலும் இருக்கிறது. நான் மாங்கோவைக் கையில் பிடிக்க, அவர் கேக் சுடுகிற கையுறை இரண்டையும் போட்டுக்கொண்டு, முகத்தை மற்றப் பக்கம் திருப்பியபடி அளப்பார்.

"முண்டு இல்லை!"

"நீங்கள் பாக்கவே இல்லையே. இந்தா, முண்டு."

"அது முண்டு இல்லை. அது பாம்பு."

"பாம்பில இருக்கிற முண்டு, அப்பா."

"உமக்கு முண்டுக்கும் பாம்புக்கும் வித்தியாசம் தெரியாது."

மூன்றாம் சனிக்கிழமை டப்பாவைத் திறந்து அன்றைக்குரிய குஞ்சை வெளியே எடுத்தேன். இருபதில் மூன்று போனால் பதினேழு. இருந்தது பதின்மூன்று. மூன்று தரம் எண்ணினேன். எண்ணிக்கை மாறவில்லை. வேரோனிக்கா அக்காவுக்குப் போன் அடித்தேன். அவ பக்கத்து வீடு.

"அக்கா, ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. நாலு எலிக்குஞ்சைக் காணேல்லை."

"பூனை ஏதும்?"

"எங்களிட்டப் பூனை இல்லை. புதன்கிழமை நான் கோயிலில நவநாளுக்குப் போகேக்க அவர் மட்டும்தான் வீட்டில. போன புதன் நான் வரேக்க இறால் பொரிச்சுச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தவர்."

அக்கா மெல்லக் கேட்டா: "உப்புக் காணாதெண்டு சொன்னவரோ?"

"இல்லை அக்கா. நல்லாயிருந்ததெண்டவர்."

"சேசுவே!"

இதை ஒரு மனிசனிடம் எப்படிக் கேட்பது? மூன்று நாள் காலையும் மாலையும் மல்லித்தண்ணி அவித்துக் கொடுத்தேன்.

"எனக்கென்ன வருத்தம்?" என்று கேட்டார்.

"ஒண்டுமில்லை. குடியுங்கோ."

"ஒண்டுமில்லாட்டி ஏன் அழுறீர்?"

நாலாம் சனிக்கிழமை மாங்கோ சாப்பிடவில்லை. எலிக்குஞ்சைப் பார்த்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது. தோல் மங்கி, கண் பால் பிடித்ததுபோல் வெளுத்திருந்தது. ஒட்டாவாவில் சிலர் உண்ணாவிரதம் இருக்கிறார்கள் என்று ரேடியோவில் சொன்னார்கள். பெடியன் அங்கே, பாம்பு இங்கே. அதுவும் சேர்ந்து இருக்கிறதோ என்றுகூட நினைத்தேன். அடுத்த சனியும் அப்படித்தான். அன்று மனிசனும் சாப்பிடவில்லை. அது எனக்கு இன்னும் குழப்பமாக இருந்தது.

பின்னேரம் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தோம். மூன்றாம் பத்தில் அவர் செபமாலையைக் கீழே வைத்தார்.

"கிளடிஸ், ஒண்டு சொல்லோணும்."

"பத்து முடியட்டும்."

"முடியுமட்டும் தாங்கேலாது. அந்த எலிக்குஞ்சுகள்... நான்தான்."

"எனக்குத் தெரியும்."

"தெரியுமோ!"

"எத்தினை நாளாய் இந்தப் பழக்கம்?"

"மூண்டு புதன். ரெண்டு ரெண்டாய்."

"பொரிச்சோ?"

"ஏன் பொரிக்கிறது? சுடுதண்ணியில போட்டு..."

"அவிச்சு!"

"அவிக்கிறேல்லை. குளிர் போக்கிறது. பிறகு இடுக்கியால பிடிச்சு மெல்ல வாய்க்கு முன்னால..."

"ஆற்ற வாய்க்கு?"

"மாங்கோன்ர வாய்க்கு! வேற ஆற்ற வாய்க்கு?"

மாதாவுக்குத் தோத்திரம் சொன்னேன். மனிசன் எல்லாவற்றையும் கொட்டினார். கள்ளமாக இரண்டு இரண்டாகப் போட்டுக் கெதியாகக் கொழுக்க வைத்தால் முண்டு தெரியாது. முண்டு தெரியாவிட்டால் அளவைக் கூட்ட வேண்டும். அளவைக் கூட்டினால் ஒப்பந்தப்படி பாம்பு வெளியே. அவ்வளவு நல்ல திட்டம்.

"இப்ப தின்னுதுமில்லை. செத்துக்கித்துப் போனால் பெடியனுக்கு என்ன சொல்லுறது?" கையுறை இல்லாத கையால் கண்ணைத் துடைத்தார்.

நான் கொப்பியை எடுத்து நாலாம் விதியை வாசித்தேன். பெட்டியின் மேல் ஒரு துவாயைப் போட்டு மூடினோம். எட்டிப் பார்க்கக் கூடாது என்று இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் காவல் காத்தோம்.

அந்தக் கிழமைதான் வன்னியில் எல்லாம் முடிந்தது. செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஜூலியன் வந்தான். நல்லாக மெலிந்திருந்தான். மாங்கோவைக்கூடப் பார்க்கவில்லை. அறைக்குள் போய்த் திரைச்சேலையை இழுத்துவிட்டான். சோறும் மீன்குழம்பும் கொண்டுபோய் வைத்தேன். வைத்தது வைத்தபடியே திரும்பி வந்தது.

"போய் நாலு பேச்சுப் பேசிச் சாப்பிட வையும்" என்றார் மனிசன்.

செபம் சொன்னேன். பிறகு, வேறு ஒன்றும் தெரியாமல், கொப்பியை எடுத்து நாலாம் விதியை இன்னொரு தரம் வாசித்தேன். வற்புறுத்தக் கூடாது. தனிய விட வேண்டும். எட்டிப் பார்க்கக் கூடாது. சின்னதாக ஒன்று. அடுத்த நாள் ஒரேயொரு இடியப்பமும் ஒரு கரண்டி சொதியும் கதவடியில் வைத்துவிட்டு வந்தேன். சாப்பாட்டுக் கோப்பை வெறுமையாக வந்தது. வியாழன் இரண்டு வைத்தேன். வெள்ளி மூன்று.

வெள்ளிக்கிழமை மாங்கோவும் சட்டை கழற்றிவிட்டுப் புத்தம் புதிதாகப் படுத்திருந்தது. கண் பளிங்கு மாதிரி. சாகவும் இல்லை, உண்ணாவிரதமும் இல்லை. தோல் உரிக்கிற நேரம் பாம்பு சாப்பிடாதாம். மனிசன் பழக்கதோஷத்தில் கலிப்பரை எடுத்து வந்தார்.

"பதினாறு மில்லிமீற்றர்! காலம் வந்திட்டுது!" என்று கத்தினார். உடனே ஜூலியனின் கதவைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்.

இந்த நேரத்துக்காகத்தான் நான் இரண்டு நாளாக யோசித்து வைத்திருந்தேன்.

"பெரிய எலி தேவையில்லை. சின்னன் ரெண்டு போடலாம். பிறகு மூண்டு போடலாம். கடதாசியில எலிக்கு மாறினால் எண்டுதான் இருக்கு. எத்தினை குஞ்செண்டு இல்லை. நீங்கள் பழக்கினதுதானே அப்பா, ரெண்டு ரெண்டாய்."

வழக்குப் பேசுவார் என்று பார்த்தேன். "சரி" என்றார். ஒரு சொல்தான். முப்பத்தைந்து வருஷத்தில் இவ்வளவு சுகமாக நான் வென்றதில்லை. அதுவும் குழப்பமாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை ஜூலியன் அறையை விட்டு வெளியே வந்தான். மேசையில் இருந்து ஐந்து இடியப்பம் சாப்பிட்டான். பிறகு பெட்டியடிக்குப் போய் மாங்கோவைக் கையில் எடுத்தான்.

"வாவ். அம்மா, இவன் நல்லா வளர்ந்திட்டான். இனி பெரிசு போடோணும்."

"மகன், சின்னன் ரெண்டு போட்டால்..."

"நோ அம்மா. ரைம் வந்திட்டுது. பெரிசுதான்."

பெரிசு போட்டால் மாங்கோ போகும். மாங்கோ போனால் இவன் போவான். ஐந்து இடியப்பமும் பேஸ்மென்றுக்குப் போய்விடும்.

ஜூலியன் ஃபிரிட்ஜடிக்குப் போனான். தமிழ் வாசிக்க அவனுக்குக் கொஞ்ச நேரம் எடுக்கும். எழுத்துக் கூட்டி வாசித்தான். திடீரென்று சிரித்தான். ஒட்டாவாவுக்குப் போன பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஓடிப்போய்ப் பார்த்தேன். "எலிக்கு" என்ற சொல்லின் மேல் ஒரு கோடு. அதற்கு மேலே என் மனிசனின் கையெழுத்தில் "முயலுக்கு". பக்கத்தில் சின்னக் கையெழுத்தும் தேதியும். தேதி செவ்வாய்க்கிழமை. ஜூலியன் வீட்டுக்கு வந்த நாள்.

மனிசன் பேப்பருக்குப் பின்னால் இருந்து சொன்னார்: "ஒரு சின்னத் திருத்தம். முயல் தின்னத் தொடங்கின அண்டைக்குப் பாம்பு வெளிய. நான் சொன்னால் சொன்னதுதான்."

"அப்பா, கோர்ன் ஸ்நேக் முயல் தின்னாது."

"வளரட்டும். தின்னும்."

"எவ்வளவு வளர்ந்தாலும் எலிதான் அப்பா."

"எவ்வளவு காலத்துக்கு?"

"வடிவாப் பாத்தால் இருபது வருஷம்."

பேப்பர் மெல்லக் கீழே இறங்கியது. அவருக்கு அறுபத்தொன்று. உதடு அசைந்து கூட்டிப் பார்த்தது.

"கிளடிஸ், அந்தப் பேனை எங்க?"

"கையெழுத்து வைச்சாச்சு அப்பா" என்றேன்.

பரிசுத்த ஆவி திருநாளுக்கு முதல் நாள் மூன்று பேருமாகப் பெரிய எலி வாங்கப் போனோம். கடையில் நின்ற பெட்டை, பேர் பதிந்திருக்கிறதா என்று கேட்டாள். மனிசன் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். சூசைதாசன் என்று கம்ப்யூட்டரில் ஒருவரும் இல்லை. ஜூலியன் அவளின் காதில் என்னவோ சொன்னான். அவள் நிமிர்ந்து பார்த்துப் பல் முழுக்கத் தெரியச் சிரித்தாள்.

"ஓ! நீங்கள் மாங்கோஸ் டாட்!"

சபதம் எடுத்த மனிசன் என்னை ஒருதரம் பார்த்தார். "யெஸ்" என்றார்.