பொட்டு வைத்த கரண்ட் சைக்கிள்

யாராவது "ஒனக்கு எதுக்கு இது?" என்று கேட்டால் உடனே வாங்கிவிடுவேன். இதுதான் என் வியாதி. எங்கள் வீட்டில் இருக்கும் கேக் சுடுகிற ஓவனும் இரண்டு தையல் மெஷின்களும் அப்படி வந்தவைதான். (எனக்குத் தைக்கத் தெரியாது.) வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, கோபப்படாமல் சோதித்துப் பார்த்து வாங்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க நினைத்தேன். அது நடந்த லட்சணத்தைக் கேளுங்கள்.

எங்கள் வீடு ஹந்தானை ஏற்றத்தில். எனக்கு வேலை கண்டி டவுனில், ஒரு துணிக்கடையில் கேஷியர். காலையில் இறங்குவது சுகம். மாலையில் ஏறுவதுதான் நரகம். பஸ் தன் இஷ்டத்துக்கு வரும். ஆட்டோக்காரர்கள் "ஹந்தானையா?" என்று கேட்டுவிட்டு வானத்தைப் பார்ப்பார்கள். மிச்சம் இருப்பது என் தம்பி சிவா. அவனிடம் ஆட்டோவும் இருக்கிறது, வாயும் இருக்கிறது.

"அக்கா, ஒங்கள ஏத்துனா மட்டும் எஞ்சின் அழுவுது. கேக்குதா?"

ஒரு நாள் பாதி ஏற்றத்தில், "கொஞ்சம் எறங்கி நடங்கக்கா, வண்டி பாவம்" என்றான். இறங்கி நடந்தேன். அப்போது ஒரு வெள்ளைக்காரம்மா, என் அம்மா வயது இருக்கும், மலைச் சைக்கிளில் பாட்டுப் பாடிக்கொண்டே என்னைக் கடந்து மேலே போனார். சைக்கிளின் வயிற்றில் பெட்டரி இருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே பார்த்தேன். இனி யார் வண்டியிலும் கெஞ்சி ஏறுவதில்லை என்று அங்கேயே தீர்மானித்தேன்.

மடவளையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் நசீர் நானாவிடம் அப்படி ஒன்று இருந்தது. விலையைக் கேட்டதும் என் வீரம் பாதியாகிவிட்டது.

"தங்கச்சி, பாத்து முடிவெடுக்க ஏலா. கொண்டு போய் ஓடிப் பாருங்க. வேணாம்டா நாளைக்குக் கொண்டு வாங்க. ஆனா புதுச் சாமான். அழுக்குப் படப்படாது" என்றார்.

கூட வந்த சிவா அங்கேயே பந்தயம் போட்டான். "இங்க இருந்து நம்ம வீடு வரைக்கும் ஏத்தத்துல ஒரு எடத்துலயும் காலு கீழ ஊனாம ஏறுனா வாங்குங்க, நான் வாயே தொறக்க மாட்டேன். ஊனுனீங்க, சைக்கிள ஆட்டோ கூரையில கட்டி, ஒங்கள உள்ள வச்சு, ஹோர்ன் அடிச்சிக்கிட்டே டவுன சுத்துவேன்."

"சரிடா" என்றேன். அம்மாவுக்குப் போன் எடுத்து, "புது சைக்கிள்ல வந்துக்கிட்டு இருக்கேன்" என்று மட்டும் சொல்லி வைத்தேன். இன்னும் வாங்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அது என் திமிர்.

கட்டுகஸ்தோட்டை, டவுன் எல்லாம் தாண்டி ஹந்தானை ஏற்றத்தில் திரும்பினேன். சைக்கிள் முனகியது, ஏறியது. பின்னால் சிவாவின் ஆட்டோ இருமிக்கொண்டு வந்தது. நானும் ஏதோ பாட்டுப் பாடினேன். பிள்ளையார் கோயில் வளைவு வரும் வரைக்கும் நான்தான் ராணி.

அந்த வளைவுதான் எல்லாவற்றிலும் செங்குத்து. அங்கே ரோட்டுக்குக் குறுக்கே அம்மா நின்றாள். பக்கத்தில் பூசாரி, தட்டு, மாலை, எலுமிச்சம்பழம், எங்கள் லயத்து வரிசை வீட்டு ஜனம் பாதி. எங்கள் பக்கத்தில் தள்ளுவண்டி வாங்கினால்கூட பூசை போடாமல் வீட்டுக்குள் விட மாட்டார்கள். அதை மறந்துதான் போன் எடுத்திருக்கிறேன்.

"நகருங்க! நான் நிக்க மாட்டேன்! காலு ஊன மாட்டேன்!" என்று கத்தினேன்.

"பாருங்க சாமி, சந்தோசத்துல கத்துறா" என்றாள் அம்மா.

வேறு வழியில்லை. ஒரு கையால் பிரேக், மறு கையால் கோயில் மதில். இரண்டு காலும் பெடலில்.

"எறங்கும்மா" என்றார் பூசாரி.

"எறங்க மாட்டேன் சாமி."

"வேண்டுதலா?"

"ஆமா." (பிள்ளையார் முன்னால் பச்சைப் பொய்.)

"அம்மா, இது இன்னும் நம்மளுது இல்ல" என்று நான் சொன்னது மணிச் சத்தத்தில் காணாமல் போனது. சட்டமெல்லாம் சந்தனம், சக்கரமெல்லாம் குங்குமம், மேலே மஞ்சள் தண்ணீர். சைக்கிளுக்கு நெற்றி எது என்று பூசாரி தேடினார். ஹேண்டிலில் வட்டமாக ஒரு பொத்தான் இருந்தது. அதில் பெருவிரலை அழுத்தி, மந்திரம் முடியும் வரைக்கும் எடுக்காமல் பொட்டு வைத்தார். தேங்காய் உடைந்தது.

"இப்ப ஓட்டும்மா."

மதிலைத் தள்ளி மிதித்தேன். எலுமிச்சம்பழம் நசுங்கியது. மோட்டார் சத்தம் இல்லை. ஹேண்டிலில் இருந்த திரை கறுப்பு. மஞ்சள் தண்ணீர் நானாவின் சைக்கிளைக் கொன்றுவிட்டது என்றே நினைத்தேன். பின்னால் சிவா ஹோர்ன் அடித்து, "காலு! அக்கா, காலு!" என்று கூத்தாடினான்.

அந்தச் சத்தம்தான் என்னை ஏற்றியது. ஆக லேசான கியரில் போட்டு, ஒவ்வொரு மிதியும் அவன் மூஞ்சியில் என்று நினைத்து மிதித்தேன். வாயில் வந்ததை எல்லாம் இங்கே எழுத முடியாது. மாலை சக்கரத்தில் சிக்கி ரோடெல்லாம் பூ. கழுதைப் பாரம் அந்தச் சைக்கிள். ஆனாலும் வாசல் வரைக்கும் ஏறிவிட்டேன். ஏறி, நேராக வாழை மரத்தில் மோதி விழுந்தேன். விழுந்தபோதும் இரண்டு காலும் ஆகாயத்தில்தான் இருந்தன. சாட்சி, பின்னாலேயே ஓடி வந்த லயத்து ஜனம் மொத்தமும்.

ஜெயித்தது நான். ஆனாலும் மறுநாள் செத்த சைக்கிளை மடவளைக்குக் கொண்டுபோக ஆட்டோ கூரைதான் கிடைத்தது. டவுன் முழுக்க சிவா ஹோர்ன் அடித்தான்.

நசீர் நானா சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "தங்கச்சி, இதுக்குக் கலியாணமா முடிச்சு வச்சீங்க?"

அவர் பொத்தானில் காய்ந்திருந்த சந்தனத்தைச் சுரண்டிவிட்டு அழுத்தினார். திரை பளிச்சென்று எரிந்தது.

"பெட்டரி நல்லா ஈக்கி. யாரோ இத அமுக்கிப் புடிச்சு ஓஃப் பண்ணி ஈக்காங்க."

நானும் சிவாவும் ஒரே நேரத்தில், "பூசாரி!" என்றோம்.

அத்தோடு அவன் வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. "மோட்டார் இல்லாமலே ஏறிட்டீங்க. அப்ப ஒங்களுக்கு எதுக்குக்கா இது?"

நிதானமாக முடிவெடுக்கும் திட்டம் அந்த இடத்தில் முடிந்தது. வாங்கினேன்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாரும் லைட்டை அணைக்கச் சொல்வதில்லை. "லைட்டுக்குப் பொட்டு வை" என்றுதான் சொல்வார்கள். அம்மாவுக்கு மட்டும் அதில் சிரிப்பு வராது.

போன வாரம் வேலை முடிந்து ஏறி வரும்போது, கோயில் வளைவில் சிவாவின் ஆட்டோ நின்றுபோயிருந்தது. அவன் இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தான்.

"அக்கா, கொஞ்சம் நில்லுங்கக்கா!"

"என்னடா, பொட்டு வச்சுட்டாங்களா?" என்று கேட்டுக்கொண்டே கடந்து போனேன். நின்று ஒரு கை கொடுத்திருக்கலாம்தான். ஆனால் அந்த ஏற்றத்தில் நான் கால் ஊன்றுவதில்லை.