பதினொரு கைப் பொம்மை சம்பந்தமாக

கொல்லங்கோடு,
ஐப்பசி முதல் வாரம்.

ஆனைமலை தென்னந்தோப்புக்காரர் உயர்திரு பூபதிராஜா அவர்களின் சமூகத்துக்குக் கொல்லங்கோடு ரத்தினசாமி கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி சரஸ்வதியம்மாளும் மகள் தமிழ்ப்ரியாவும் இரண்டு எருமைகளும் நலம். அங்கே தாங்களும் தங்கள் துணைவியார் தங்கச்சி மயிலாத்தாளும் தங்கள் மகன் மாப்பிள்ளை அருள்குமாரும் நலமாக இருப்பீர்கள் என்றே நம்புகிறேன். நலமில்லாமல் போகும்படி நான் எதுவும் செய்யவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மாப்பிள்ளை என்று எழுதியது கைப் பழக்கத்தில் வந்துவிட்டது. அடித்தால் அபசகுனம் என்று அப்படியே விட்டிருக்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வழக்கம்போலக் காகிதத்தின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி அனுப்பவே ஆசை. ஆனால் இப்போதிருக்கும் நிலைமையில் என் வீட்டிலிருந்து மஞ்சளோ குங்குமமோ பட்ட காகிதம் வந்தால் தாங்கள் அதைக் கையால் தொடாமல் குச்சியால் தள்ளிவிடுவீர்களோ என்று தோன்றியதால் வெறும் காகிதமாகவே அனுப்புகிறேன். போனில் சொல்லலாம் என்று பார்த்தேன். கூப்பிட்டால் எடுப்பதில்லை, வாட்ஸப்பில் எதை அனுப்பினாலும் ஒரே ஒரு டிக்கோடு நின்றுவிடுகிறது.

முதலில் என் மகளின் உத்தியோகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாம் அங்கேதான் ஆரம்பம். கொச்சியில் செல்போன் விளையாட்டுகள் தயாரிக்கும் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள் என்று கல்யாணத் தரகர் பொங்கியண்ணன் சொல்லியிருப்பார். என்ன வேலை என்று அவர் சொல்லியிருக்க மாட்டார், அவருக்கே தெரியாது. அந்த விளையாட்டுகளில் கடைசியில் ஒரு பூதம் வரும். விளையாடுகிறவன் அதை ஜெயித்தால்தான் ஆட்டம் முடியும். அந்தப் பூதத்துக்கு முகம், வயிறு, கை எல்லாம் வரைந்து கொடுப்பது என் மகள். அதிலும் அவள் நெளியும் கை வைத்த பூதங்களில் கெட்டிக்காரி. இந்த நெளியும் கைக்கு உலகம் முழுக்க கிராக்கி என்பது எனக்கு அவள் சொல்லித்தான் தெரியும். வெள்ளைக்காரர் கதையில் அது கடலுக்கடியிலிருந்து வந்து கப்பலைக் கட்டிப்பிடித்து இழுக்குமாம், ஜப்பான்காரர் கதையில் பாலத்தை உடைக்குமாம், வானத்திலிருந்து தட்டில் வந்து இறங்குகிறவர்களுக்கும் விரல் கிடையாதாம், குழந்தைகள் படத்தில் மட்டும் அதுவே தொப்பி போட்டுக்கொண்டு எல்லாக் கையாலும் மேளம் அடிக்குமாம். “அதுக்கேன் அம்மிணி எல்லாரும் பயப்படறாங்க?” என்று கேட்டேன். “எலும்பில்லாத கைங்ப்பா. எங்கிருந்து வந்து எங்க புடிக்கும்னே தெரியாது. நம்மூர்ல கை அதிகமா இருந்தாக் கும்புடறோம், அவங்க ஊர்ல ஓடறாங்க, அவ்வளவுதான்” என்றாள். எனக்கு அது நியாயமாகவே பட்டது. சம்பளமும் மாதம் தவறாமல் வருகிறது. அவள் வரைந்த ஒரு பூதம் நன்றாக ஓடியது என்று கம்பெனிக்காரர்கள் அதை ரப்பரில் வார்த்து அவளுக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். பச்சை நிறம், முழங்கால் உயரம், பதினொரு கை. எட்டு இருந்தால் ஆக்டோபஸ், பத்து இருந்தால் கணவாய், அவளுடையது இரண்டும் இல்லையாம். அந்தப் பொம்மையைத்தான் தாங்கள் எங்கள் பூஜையறையில் பார்த்தது.

அது பூஜையறைக்கு எப்படி வந்தது என்பது அடுத்தது. ஆயுத பூஜைக்கு நாங்கள் அரிவாள், கடப்பாரை, மண்வெட்டி, டிராக்டர் சாவி எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் வைத்து அடுக்குவோம், தாங்களும் அப்படித்தான் செய்வீர்கள். எங்கள் பக்கம் இன்னும் கொஞ்சம் கண்டிப்பு, வைத்ததை விஜயதசமி காலையில் பூஜை எடுக்கும்வரை யாரும் தொடக் கூடாது. சரஸ்வதியம்மாள் மகளிடம் போய் அவள் ஆயுதத்தைக் கேட்டாள். லேப்டாப்பைக் கொடுத்தால் வேலை நின்றுவிடும் என்று தமிழ்ப்ரியா வரைகிற பேனாக்களில் ஒன்றைக் கொடுத்தாள். பேனா பென்சில் தடிமன்கூட இல்லை, அதில் எங்கே சந்தனம் வைப்பது, எங்கே குங்குமம் வைப்பது என்று சரஸ்வதியம்மாளுக்கு மனசு ஒப்பவில்லை. “நாம அருவாளை வெக்கறோம். அவ சோறு திங்கறது இதுலதானுங்களே” என்று சொல்லிவிட்டு அலமாரியிலிருந்த ரப்பர் பொம்மையைத் தூக்கிக்கொண்டு வந்து நடுவில் வைத்தாள். நான் தடுக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் இப்போதும் அவள் சொன்னதில் தப்பு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

தாங்கள் முதலில் பூஜை முடிந்து அடுத்த புதன்கிழமை பெண் பார்க்க வருவதாகத்தான் சொல்லியிருந்தீர்கள். இந்தப் பக்கம் கோயிலுக்கு வந்தவர்கள், நாள் நன்றாக இருக்கிறது என்று ஆயுத பூஜையன்றே குடும்பத்தோடு வந்து இறங்கினீர்கள். குறையாகச் சொல்லவில்லை. வந்ததும் தங்கச்சி, சாமிக்குப் பூ வைத்துவிட்டு உட்காருகிறேன் என்று பூஜையறைக்குப் போனார். அந்த நேரம் கரண்ட் இல்லை. குத்துவிளக்கு வெளிச்சத்தில், பதினொரு கையிலும் பதினொரு சந்தனப் பொட்டோடு, செம்பருத்தி மாலை போட்டு, இந்தப் பக்கம் கடப்பாரை, அந்தப் பக்கம் மண்வெட்டி, காலடியில் அரிவாளோடு அது உட்கார்ந்திருந்தது. பார்க்கிறவருக்கு அது யாரையோ எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பதாகத் தோன்றியிருக்கலாம் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். “இது என்னுங்க?” என்று தங்கச்சி கேட்டபோது சரஸ்வதியம்மாள் சும்மா இருந்திருக்கலாம். பெற்றவளுக்குப் பெருமை தாங்கவில்லை. “எம்பட மகளோடதுங்க. அவளேதான் இதுக்குக் கை காலெல்லாம் வரவெச்சா. மேல ரூம்புல இன்னும் நெறைய வெச்சிருக்கறா. ராத்திரியெல்லாம் கதவச் சாத்தீட்டு இதே வேலைதானுங்க” என்றாள்.

அதற்குப் பிறகும் நிலைமை கையை மீறிவிடவில்லை என்பது என் அபிப்பிராயம். மீற வைத்தவர் பொங்கியண்ணன். தங்கச்சியின் முகம் வெளுத்ததைப் பார்த்ததும், “பயப்படாதீங்க, அது இவங்க குலதெய்வமுங்க” என்று சொல்லிவிட்டார். ஏன் அப்படிச் சொன்னீர் என்று பிற்பாடு கேட்டேன். தரகுத் தொழிலில் இத்தனை வருஷத்தில் சம்பளத்தைக் குறை சொன்னவர்கள் உண்டு, மூக்கைக் குறை சொன்னவர்கள் உண்டு, குலதெய்வத்தைக் குறை சொன்ன ஒருவரைப் பார்த்ததில்லை, அதனால் சொன்னேன் என்றார். தாங்கள் நியாயமாக எங்கள் குலப்பிரிவை விசாரித்து, “எந்தக் கூட்டத்துக்குங்க இப்பிடியொரு சாமி?” என்று கேட்டீர்கள். அப்போதாவது அவர் வாயை மூடியிருக்கலாம். “இது மலையாளத்துச் சாமிங்க. கேட்டதக் குடுக்கும். ஆனா வாக்குக் குடுத்துட்டு மாறுனவங்கள உடாது” என்றார். தாங்கள் காரில் ஏறியபோது சரஸ்வதியம்மாள் காபித் தட்டோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். தட்டிலிருந்த ஒப்புட்டுப் போளியில் ஒன்றுகூட யாரும் எடுக்கவில்லை.

என்னைப் போன்ற கேரளத்துப் பாலக்காட்டுக்காரன் என்றாலே மாந்திரீகம் தெரிந்தவன் என்று தங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு, எனக்குத் தெரியும். என் விஷயத்தில் அது பொய். மந்திரம் தெரிந்திருந்தால் என் நெல் வயலில் காட்டுப்பன்றி இறங்குவதை நிறுத்தியிருக்க மாட்டேனா. நான் பட்டாசு வாங்கித்தான் விரட்டிக்கொண்டிருக்கிறேன்.

சரி, பொம்மையையே நேரில் கொண்டுபோய்க் காட்டினால், அமுக்கிப் பார்த்து ரப்பர்தான் என்று தெரிந்துகொள்வீர்கள் என்று முடிவு செய்தேன். கழுவி எடுத்துப் போகலாம் என்றால் பூஜையில் இருந்ததைக் குழாயடியில் காட்டக் கூடாது என்று சரஸ்வதியம்மாள் விடவில்லை. பொட்டும் மாலையும் அப்படியே இருந்தன. வழியில் விக்கினம் வரக் கூடாது என்று அதன் மடியில் ஒரு எலுமிச்சம்பழமும் வைத்தாள். சாக்குப்பை கேட்டு மூசா ராவுத்தர் கடைக்குப் போனேன். அவர் என்ன ஏதென்று விசாரித்துவிட்டு, “அண்ணே, சாக்குல வேணாம். நாலு பேரு பாக்கற மாதிரி கண்ணாடிக் கவர்ல கொண்டுபோங்க. மூடுனாத்தான் சந்தேகம்” என்றார். நான் கேட்கவில்லை. எல்லைச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். கேரளாவிலிருந்து கோழிக்கழிவு கொண்டுவந்து உங்கள் பக்கம் கொட்டுகிறார்கள் என்று சோதனை பலமாக இருந்தது. சாக்கு வாயிலிருந்து ஒரு கை வெளியே தொங்கியதை நான் கவனித்திருக்கவில்லை. “என்னய்யா இது, கழிவா?” என்று காவலர் அவிழ்த்துப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுத் தானே சாக்கைக் கட்டிக் கொடுத்து, “பாத்துக் கொண்டுபோங்க சாமி, எங்க டூட்டியத்தான் நாங்க பண்ணுனோம்னு சொல்லீருங்க” என்றார். யாரிடம் சொல்லச் சொன்னார் என்று எனக்கு விளங்கவில்லை. பஸ்ஸில் அதன் பிறகு எனக்கு மூன்று பேர் உட்காரும் சீட் முழுதும் கிடைத்தது.

ஆனைமலை வந்து பார்த்தால் தங்கள் வீடு பூட்டியிருந்தது. பரிகாரம் செய்யக் கோயிலுக்குப் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டு அம்மா சொன்னார். திரும்பக் கொண்டுபோக எனக்கு மனமில்லை. சாக்கில் வெயில் பட்டால் ரப்பர் வீணாகுமே என்று அவிழ்த்து எடுத்து, தங்கள் வாசற்படிக்கு நேராக நிழலில் வைத்து, உருண்டு போகாமல் இருக்க எலுமிச்சம்பழத்தைத் திரும்பவும் அதன் மடியில் வைத்துவிட்டு, “கொல்லங்கோட்டிலிருந்து வந்ததுன்னு மட்டும் சொல்லுங்க, அவங்களுக்கே புரியும்” என்று அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து இதை விவரித்தபோதுதான் தமிழ்ப்ரியா தலையில் கை வைத்துக்கொண்டாள். இன்னொன்று, அதன் வயிற்றுக்குள் பேட்டரி உண்டு. இருட்டில் கண் பச்சையாக எரியும். அடியில் சுவிட்ச் இருக்கிறது. அதை அணைத்துவிட்டு வைத்தேனா என்று எனக்கு நினைவில்லை. எரிக்க மட்டும் வேண்டாம், ரப்பர் புகை நெஞ்சுக்கு ஆகாது.

இத்தனையும் எழுதுவது பொம்மைக்காக இல்லை. என் மகள் இதுவரை பார்த்த வரன்களில் ஒருவருக்குக் கழுத்தே இல்லை என்றாள், ஒருவர் போட்டோவிலேயே சத்தமாகப் பேசுகிறார் என்றாள். அருள்குமார் போட்டோவைப் பார்த்துவிட்டு, “பரவால்லீங்ப்பா” என்றாள். அவள் வாயிலிருந்து அதற்கு மேல் ஒரு பாராட்டு வந்து நான் கேட்டதில்லை. பிறகு பெரியவர்கள் சம்மதத்தோடு இருவரும் போனில் பேசினார்கள். தோட்டத்தில் நடந்துகொண்டே சிரித்துச் சிரித்துப் பேசினாள். இப்போது அவள் அழுவதுமில்லை, சண்டை போடுவதுமில்லை. “உங்க மேல தப்பில்லீங்ப்பா. நான் பேங்க் பரீட்சை எழுதியிருக்கோணும்” என்கிறாள். அவள் செய்த பொம்மையைப் பார்த்து ஒருவர் பயந்தால் அது அவளுக்குப் பெருமை. என் பெண்ணையே பார்த்துப் பயந்து ஒரு குடும்பம் காபி குடிக்காமல் எழுந்து போனது என்பதை என்னால் தாங்க முடியவில்லை. ஆகவே சத்தியமாகச் சொல்கிறேன். அது சாமி இல்லை, பூதமும் இல்லை, வெறும் ரப்பர். அதற்கு எந்தச் சக்தியும் கிடையாது. எங்கள் குலதெய்வம் காங்கயம் பக்கத்தில் இரண்டே கையோடு இருக்கிறாள், அவள்மேல் ஆணை. பொங்கியண்ணன் சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் பொய். பழையபடி ஒரு நாள் வாருங்கள், பூஜையறையை வேண்டுமானால் பூட்டியே வைக்கிறேன்.

தங்கச்சிக்கு எங்கள் விசாரிப்பைச் சொல்லவும். தங்கள் தென்னை காய்க்கட்டும், குடும்பம் செழிக்கட்டும், சின்னவர்களுக்கு எங்கள் ஆசீர்வாதம், பெரியவர்களுக்கு எங்கள் கும்பிடு.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
ரத்தினசாமி.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும் நேரத்தில் பொங்கியண்ணன் வந்தார். அதை எரிக்கவும் பயம், எறியவும் பயம் என்று தங்கச்சி அதைத் தோப்பு மோட்டார் ரூமில் வைத்து விளக்கேற்றினாராம். அதுவரை போட்ட ஆழ்துளைப் போரிலெல்லாம் வெறும் புழுதி வந்த தோப்பில், மறுநாள் போட்டதில் தென்னை உயரத்துக்குத் தண்ணீர் அடித்ததாம். இப்போது அதற்கு ஓலைக் கொட்டகை போட்டு, எல்லாக் கைக்கும் வளையல் எடுத்து, வெள்ளிக்கிழமை பொங்கல் வைக்கப் போகிறீர்களாம். “சம்பந்தம் பேசுனது பேசுனபடிதான். ஆனா சாமியத் திருப்பிக் கேக்கக் கூடாது, அது பொண்ணோட வந்த சீருன்னு மயிலாத்தா சொல்லச் சொன்னாங்க” என்றார். அப்படியானால் மேலே ரப்பர் என்று எழுதிய இடங்களைப் படிக்க வேண்டாம், ஆணையிட்ட வரியையும் சேர்த்து விட்டுவிடுங்கள். பொங்கியண்ணன் சொன்னது முழுக்க உண்மை. தலைமுறை தலைமுறையாக அதுதான் எங்கள் குலதெய்வம். முகூர்த்தத்துக்குத் தை மாதம் எங்களுக்குச் சௌகரியம். தமிழ்ப்ரியாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். லேப்டாப்பை மூடிவிட்டு, “அத்தை என்னையும் கும்புடாம இருந்தாச் செரிங்ப்பா” என்றாள்.