முழுக்கைச் சட்டையும் பழுப்பு பாலிஷும்

பசுமலை, மதுரை
12.5.1999

அன்புள்ள மாப்பிள்ளை சோணை அவர்களுக்கு,

ஓய்வுபெற்ற ஏட்டு காசிமாயன் வணக்கத்துடன் எழுதுவது. உங்களையும் என் தங்கை முத்துத்தாயையும் எழுமலையில் கருப்பசாமி ஒரு குறையும் இல்லாமல் வைத்திருப்பாராக. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லோரும் நலம்.

மகள் நாகஜோதியைப் பெண் பார்க்க வந்த விவரம் கேட்டிருந்தீர்கள். அவள் கையில் மூன்று வருடமாக வெண்புள்ளி இருப்பது உங்களுக்குத் தெரியும். தரகர் மூலம் செல்லூர் மொக்கையன் குடும்பம் வருகிறது, பையன் பாண்டியராஜனுக்குக் கம்ப்யூட்டர் சென்டரில் வேலை, இந்த இடமும் தட்டிப்போய்விடக் கூடாதே என்று என் ஸ்டேஷன் காலத்துப் பழுப்பு ஷூ பாலிஷை எடுத்து நானே அவள் கையில் தடவினேன். "என்னப்பா, பூட்ஸுக்குப் போடுறத எனக்குப் போடுறீங்க?" என்று கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, ஆனாலும் பிரஷ்ஷை நிறுத்தவில்லை. அவள் காபி கொண்டுவந்தாள், டம்ளரெல்லாம் பழுப்பு, பையனோ கத்திரி வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு முழங்கையைச் சொறிகிறான், மடியில் தவிடு மாதிரி உதிர்கிறது, "பயலுக்கு ஆபீஸ்ல ஏசி, அதான் முழுக்கை" என்கிறார் மொக்கையன், "டிகாசன் இன்னைக்குக் கொஞ்சம் தூக்கலாயிருச்சு" என்கிறேன் நான்.

மறுநாள் பாலிஷ் பட்ட இடம் எரிகிறது என்றாள். அவள் சொன்ன தோல் டாக்டரிடமே கூட்டிப்போனேன், தெரிந்தவர் கண்ணில் படாமல் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு. பெஞ்சில் பக்கத்திலே இன்னொரு துண்டு. மின்விசிறிக் காற்றில் இரண்டும் விலகின, பார்த்தால் மொக்கையன், கூடவே மகன்! "என்ன இங்கிட்டு?" என்றேன். "சும்மா, பல்லு வலி" என்றார். தோல் டாக்டரிடம் பல்வலியாம்! அதற்குமேல் மறைக்க என்ன இருக்கிறது, பையன் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினான், சொரியாசிஸ். நாங்கள் கேட்டுக்கொண்டபடி டாக்டர் நால்வரையும் சேர்த்து உட்காரவைத்துச் சொன்னார்: "ரெண்டுமே தொத்து வியாதி இல்ல, யாருக்கும் ஒட்டாது. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே தடுமாறி உடம்பை அடிக்கிறதால வர்றது. சிலருக்கு ரெண்டுமே சேர்ந்து வரும். தேய்ச்சு உரசுனா புதுசாவும் கிளம்பும், பாலிஷெல்லாம் போடாதீங்க." காவலுக்கு நிற்கிறவனே வீட்டுக்காரனை லத்தியால் அடிக்கிற கதைதான், முப்பது வருடம் காவல்துறையில் இருந்த எனக்கு உடனே புரிந்தது. மொக்கையன் என் கையைப் பிடித்து, "அப்ப நாம ஒரே கேசு, சம்பந்தி" என்றார். ஆவணியில் கல்யாணம்.

இவ்வளவும் என் சாமர்த்தியத்தால் முடிந்த காரியம். ஆனால் கிளினிக் விஷயம் பரம ரகசியம், முத்துத்தாயிடம்கூட மூச்சுவிட வேண்டாம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
காசிமாயன்

பி.கு.: தபால்தலை ஒட்டக் கொடுத்தால் நாகஜோதி இதைப் படித்துவிட்டுச் சிரிக்கிறாள். அவளும் பாண்டியராஜனும் ஒன்றரை வருடமாக அதே டாக்டரிடம் வைத்தியம் பார்க்கிறார்களாம், அங்கேதான் பழக்கமாம், தரகரை அனுப்பியதே அவர்கள்தானாம். முத்துத்தாய்க்கு அப்போதே எழுதிவிட்டாளாம், நீங்களும் படித்திருப்பீர்கள். ஆகவே மேலே சாமர்த்தியம், ரகசியம் என்று எழுதியதையெல்லாம் அடித்துவிடவும். என் பிள்ளையை யார் கட்டிக்கொள்வார் என்று இத்தனை நாளாகப் பயந்து கிடந்தவன் இந்தக் குடும்பத்தில் நான் ஒருவன்தான்.