பைரவர் பார்க்கும் படலம்

அன்று கேரளத்து வித்துராவில், பெண் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள்: நான், அப்பா, அம்மா, பெண் ரம்யா, அவளுடைய அப்பா, அம்மா. வாசலில் ஒரு நாய். வராதவர் என் தாய்மாமா. எங்கள் சொந்தத்தில் நாள் நட்சத்திரம் பார்க்கத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். மகளைப் பார்க்கச் சென்னை போயிருந்தார். அப்பாவுக்கும் ஞாயிறு லீவு, எனக்கும் ஞாயிறு லீவு என்று நாளை நானே குறித்துவிட்டேன்.

நான் போனக்காடு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன். குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். இப்போது கழக்கூட்டத்தில் சாஃப்ட்வேர் கம்பெனி வேலை. ரம்யாவின் அப்பாவுக்கு வித்துரா சந்தையில் பாத்திரக் கடை. லயத்துப் பையனுக்குப் பெண்ணைக் கொடுப்பதா என்று அவர் தயங்குவது எனக்குத் தெரியும். ரம்யாவின் போட்டோவைப் பார்த்த நாள் முதல் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. எனவே வாயைத் திறந்தால் படிப்பு தெரிய வேண்டும் என்று முடிவு கட்டியிருந்தேன். (முதல் தப்பு அதுதான்.)

கேட்டைத் திறந்ததும் நாய் குரைத்தது. அம்மா அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"பாத்துங்க, பைரவர் நிக்கிறாரு!"

"பைரவரா? இவன் பேரு டைகராக்கும்," என்றார் ரம்யாவின் அப்பா. "கடிக்க மாட்டான், கேட்டோ."

காப்பி வந்தது. ரம்யாவும் வந்து வணக்கம் சொல்லிவிட்டு அவள் அம்மா பக்கத்தில் நின்றாள். அவள் அப்பா பைரவரை விடவில்லை. "அதென்ன தம்பி, நாயைப் போயி பைரவர்னு?"

என்னிடம் கேட்டிருக்கக் கூடாது.

"சிவன் கோயிலுக்குக் காவல் பைரவருங்க. அவருக்கு வாகனம் நாய். ராத்திரி நடை சாத்தினா சாவியை அவர் சன்னிதியிலதான் வைப்பாங்க. நாயும் காவல் காக்குதா, அதனால அதுக்கும் அவர் பேரையே வச்சுட்டாங்க. எங்க லயத்துல நாய் கறியைத் திருடித் தின்னாக்கூட, 'பைரவர் சட்டியை உருட்டிட்டாரு'ன்னு மரியாதையாத்தான் சொல்லுவோம்."

அவர் சிரித்தார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நான் போனை எடுத்தேன்.

"அவருக்கு உகந்தது தேய்பிறை அஷ்டமி. அன்னிக்கு நாய்க்குச் சோறு வச்சா ரொம்ப விசேஷம். அடுத்த அஷ்டமி எப்பன்னா..." திரையைப் பார்த்தேன். "அட, இன்னிக்குத்தாங்க!"

(பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவன் மாதிரி இருந்ததாம் என் முகம்.)

அஷ்டமியில் எங்கள் ஆட்கள் புதுச் செருப்புகூட வாங்க மாட்டார்கள்.

"அஷ்டமியிலயா பொண்ணு பாக்க வந்தீங்க?" என்றார் ரம்யாவின் அம்மா.

அப்பா யாரையோ பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். "லீவு பாத்தியே, திதி பாத்தியாடா?"

அம்மா பூ பழத் தட்டை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"தொடக்கமே சரியில்ல. இது வேண்டாங்க," என்று ரம்யாவின் அம்மா எழுந்துவிட்டார்.

அப்போதுதான் ரம்யா வாயைத் திறந்தாள். "இவரு வந்ததுலேருந்து டைகரைப் பத்தித்தானேம்மா பேசினாரு? என்னை ஏறெடுத்தும் பாக்கல. டைகரைப் பாக்க வந்தாங்கன்னு வச்சுக்குவோம். என்னை வேற நாள் வந்து பாக்கட்டும்."

"அது சரியாக்கும்!" என்று அவள் அப்பா தொடையில் தட்டினார்.

முறைப்படி நடக்கட்டும் என்று தட்டிலிருந்த வாழைப்பழத்தை டைகர் முன்னால் வைத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டான். (எனக்குப் பார்த்த வரன்களில் முகத்துக்கு நேராக வேண்டாம் என்றது அவன் ஒருவன்தான்.)

பதினோரு நாள் கழித்து, வளர்பிறையில், லீவு போட்டுவிட்டு மறுபடி போனோம். நான் வாயே திறக்கவில்லை. கல்யாணமாகி மூன்று வருடம் ஆகிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் மாமனார் என்னைக் காட்டி, "மாப்பிள்ளை மொதல்ல பாத்தது எங்க நாயையாக்கும், என் பொண்ணு ரெண்டாவதுதான்" என்கிறார்.

இரண்டாம் முறை ஜீப் வாடகை, பூ, பழம், இனிப்பு, சம்பளத்தில் பிடித்த ஒரு நாள்: மொத்தம் நாலாயிரத்து இருநூற்று அறுபது ரூபாய்.